தள்ளாத கை

எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் பேனா நுனியால் ஓர் இடத்தைக் காட்டினார். தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியில் கிளம்பி, தோள்மூட்டின் உச்சி வழியாக வந்து மேற்கை எலும்பில் இறங்கும் ஒரு தசை. பெயர் சுப்ராஸ்பைனேட்டஸ். எலும்பில் ஒட்டுகிற இடத்தில் அதன் தசைநாண் கிழிந்திருந்தது. "கையைத் தூக்குறதுக்கு ஆரம்பம் போட்டுக் கொடுக்கிற தசை சார் இது" என்றார். மழை பெய்த ஒரு மாலையில் ஸ்கூட்டர் சறுக்கியது. விழும்போது வலது கையைத் தரையில் ஊன்றினேன். என் முழு எடையும் அந்தக் கையில் இருந்தது ஒரு நொடிகூட இருக்காது. அதற்கே கிழிந்துவிட்டது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் கையை ஸ்லிங்கில் போட்டு உடம்போடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். எழுதக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. நடக்க மட்டும் தடையில்லை. சரி, நடப்போம் என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் அழகர்கோயிலுக்குப் போய்விடுவேன். மதுரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கோயிலைத் தாண்டி சோலைமலைக்கு ஏறும் பாதையில் நல்ல நிழல். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது, குரங்குகள் இருக்கும்.

அங்கே இருப்பவை நம் நாட்டுக் குரங்குகள். நடு உச்சியில் வகிடு எடுத்து எல்லாப் பக்கமும் வாரி விட்டது போன்ற தலைமுடி, நீளமான வால். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். இத்தனை வருடமாக அவற்றைப் பார்த்திருக்கிறேன். தேங்காயைப் பறித்துக்கொண்டு ஓடுவதை, பேன் பார்ப்பதை, சண்டை போடுவதையெல்லாம். ஆனால் ஒரு குரங்கு எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கையைக் கட்டிப் போட்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. ஒரு பெரிய கடுவன் கைப்பிடிச் சுவரின் மேல் அவசரமில்லாமல் நடந்து வந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கையை ஊன்றியது. நான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஊன்றிய ஊன்றலை அது நாள் முழுக்கச் செய்கிறது. அதன் தோள் எப்படித் தாங்குகிறது?

இந்தக் கேள்வியை விட முடியவில்லை. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். பிழைப்பு வேறு பக்கம் போய்விட்டாலும், ஒரு விலங்கின் உடம்பைப் பற்றி ஒன்று தெரியவில்லை என்றால் தேடிப் படிக்கும் பழக்கம் போகவில்லை. ஆறு வாரம் ஓய்வும் கிடைத்தது.

முதலில் நான் செய்தது படம் எடுத்ததுதான். போனில் ஸ்லோமோஷன் எப்படி வைப்பது என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சுவரில் நடக்கும் குரங்குகளைப் பக்கவாட்டில் எடுத்தேன். படிக்கட்டுப் பக்கம் பழம் விற்கும் அம்மா இரண்டு நாள் பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார். "என்னண்ணே, குட்டி பால் குடிக்கிறத எடுப்பாக, தேங்கா பறிக்கிறத எடுப்பாக. நீங்க நடக்குறதப் போயி எடுக்குறீகளே?" எந்தக் காலுக்கு அப்புறம் எந்தக் கை வருகிறது என்று பார்க்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதிரே போன குரங்கையே பார்த்துவிட்டு, "மாத்தி மாத்தி வைக்கிது" என்றார். அதுதான் விஷயம்.

தெருநாய் ஒன்று மெதுவாக நடக்கும்போது கவனியுங்கள். வலது பின்னங்காலை வைக்கும், அடுத்து அதே பக்கத்து வலது முன்னங்கால். அப்புறம் இடது பின்னங்கால், இடது முன்னங்கால். மாடும் குதிரையும் பூனையும் நடப்பது இந்த வரிசையில்தான். குரங்கு அப்படி இல்லை. வலது காலை வைத்ததும் இடது கையை வைக்கிறது. பிறகு இடது கால், அப்புறம் வலது கை. என் படங்களில் எல்லா அடியும் இப்படி இருக்கவில்லை. ஓட்டம் பிடிக்கும்போது வரிசையே மாறுகிறது. ஆனால் நிதானமாக நடக்கும்போது பெரும்பாலும் இந்தக் குறுக்கு வரிசைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வேலை செய்த மில்டன் ஹில்டிபிராண்ட் 1960களில் பலவகை விலங்குகளின் நடையைப் படமெடுத்து ஒப்பிட்டு வகைப்படுத்தினார். குரங்கினத்தின் நடையைப் பற்றி 1967இல் அவர் எழுதியதிலிருந்து இந்தக் குறுக்கு வரிசை அந்த இனத்தின் அடையாளங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இன்னொன்றும் படத்தில் தெரிந்தது. நாய் முன்னங்காலை வைக்கும்போது அது ஏறக்குறையத் தோளுக்கு நேர் கீழே, கொஞ்சம் முன்னால் விழுகிறது. குரங்கு கையை நன்றாக எட்டி, தலைக்கும் முன்னே கொண்டுபோய் வைக்கிறது. எதையோ எடுக்கப் போவதுபோல நீள்கிறது கை. வைத்த பிறகு முழங்கை சற்று மடங்குகிறது. முதுகு மேலும் கீழும் ஆடுவதில்லை. தலையில் தண்ணீர்க் குடம் வைத்தால்கூடச் சிந்தாது என்று தோன்றும். டேனியல் ஷ்மிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1999இல் இதைத்தான் எழுதினார். கைமூட்டுகளை மடக்கி மெத்தென்று நடப்பதால், கை தரையில் படும்போது வரும் அதிர்ச்சி குறைகிறது என்று.

நாய்க்கும் மாட்டுக்கும் நாம் முன்னங்கால் என்கிறோம். குரங்குக்கு மட்டும் கை என்கிறோம். நாலிலும் ஊன்றி நடக்கும் விலங்குதான் அதுவும். ஆனாலும் தமிழில் யாரும் குரங்கின் முன்னங்கால் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எடுத்து உண்பதால் அந்தப் பெயர் வந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். நடக்கும்போதுகூட அது காலாக வேலை செய்வதில்லை என்பதைப் படித்தபோது, நம் மொழி சரியான இடத்தில்தான் பிரித்து வைத்திருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருந்தது.

நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. குதிரைக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். தலையும் கழுத்தும் மார்பும் முன்பக்கம் இருப்பதால் அது இயல்பு. குரங்கினத்தில் பெரும்பாலானவற்றுக்கு இது தலைகீழ். அழுத்தத்தை அளக்கும் தட்டுகளின் மேல் நடக்க விட்டு அளந்தபோது, கைகளைவிடக் கால்களில்தான் அதிக விசை விழுகிறது என்று தெரிந்தது. 1970களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் பல இனங்களில் அளந்து காட்டினார்கள்.

இது எப்படி? குரங்கின் உடம்பில் எடை பின்பக்கமாகக் குவிந்து கிடக்கவில்லையே. எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நோயாளியைக் கட்டிலோடு இரண்டு பேர் தூக்குகிறார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர் கட்டிலின் கோடியைப் பிடிக்காமல், உள்ளே நகர்ந்து நடுப்பக்கமாகப் பிடித்தால் என்ன ஆகும்? அவர் கையில் பாரம் கூடும், முன்னவருக்குக் குறையும். குரங்கு செய்வது இதுதான். பின்காலை நன்றாக முன்னே கொண்டுவந்து, வயிற்றுக்கு அடியில் வைக்கிறது. கையையோ உடம்பிலிருந்து தள்ளி, வெகு முன்னால் வைக்கிறது. அதோடு இடுப்பின் பின்பக்கத் தசைகள், ஊன்றிய காலைப் பின்னோக்கி இழுக்கும்போது முன்னுடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கவும் செய்கின்றன என்று 1985இல் ரெனால்ட்ஸ் என்பவர் விளக்கினார். காலின் இடம் மட்டுமே போதும், தசையின் இழுப்பு அவ்வளவு முக்கியமில்லை என்று பிறகு வந்தவர்கள் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். கையின் சுமையைக் கால் வாங்கிக்கொள்கிறது.

ஏன் அப்படி ஆனது என்பதற்கு நான் படித்ததில் மிகவும் பிடித்த சான்று குரங்கே இல்லாத ஒரு விலங்கிடமிருந்து வருகிறது. தென்னமெரிக்காவில் கம்பளி ஒப்போசம் என்று ஒன்று உண்டு. கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி வகையைச் சேர்ந்தது. குரங்கோடு எந்த நெருங்கிய உறவும் கிடையாது. ஆனால் அது வாழ்வது மெல்லிய மரக்கிளைகளின் நுனியில். ஷ்மிட்டும் பியர் லெமெலினும் 2002இல் அதை நடக்க விட்டு அளந்தார்கள். அதே குறுக்கு வரிசை, அதே எட்டி வைக்கும் கை, கைகளைவிடக் கால்களில் அதிக பாரம். தரையில் வாழும் இன்னொரு ஒப்போசத்திடம் இவை இல்லை. அப்படியென்றால் இந்த நடை மெல்லிய கிளை கற்றுக்கொடுத்த நடை.

இதைப் படித்த மறுவாரம் மலையில் அதை நேரில் பார்த்தேன். ஒரு மந்தி கிளை நுனியில் இருந்த பழத்துக்காகப் போய்க்கொண்டிருந்தது. வலது காலால் கிளையைப் பற்றிக்கொண்டு இடது கையை நீட்டி ஒரு குச்சியைத் தொட்டது. குச்சி வளைந்து இறங்கியது. கையை எடுத்துக்கொண்டது. உடம்பு ஒரு அங்குலம்கூட முன்னே சரியவில்லை. எடை முழுக்கப் பற்றிய காலில் இருந்ததால் கைக்கு அந்தச் சலுகை கிடைத்தது. தொட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். நாயால் முன்னங்காலை அப்படி வைத்துப் பார்த்துவிட்டு எடுக்க முடியாது. வைத்தால் வைத்ததுதான்.

அப்புறம் தசைக்கு வந்தேன். என் கவலை முழுக்க அங்கேதான் இருந்தது.

எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எலும்பையும் தசை ஒட்டும் இடத்தையும் பார்த்து ஊகிக்கலாம். நூறு வருடத்துக்கும் மேலாக உடற்கூற்று அறிஞர்கள் அப்படித்தான் ஊகித்தார்கள். தசை சுருங்கும்போது உண்டாகும் நுண்ணிய மின்சாரத்தைப் பதிவு செய்யும் இஎம்ஜி வந்த பிறகுதான் நேரடியாகத் தெரிய ஆரம்பித்தது. 1970களில் ரசல் டட்டிலும் ஜான் பஸ்மாஜியனும் அட்லாண்டாவில் கொரில்லா, சிம்பன்சிகளின் கைத்தசைகளில் இதைப் பதிவு செய்தார்கள். பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் சூசன் லார்சன், ஜாக் ஸ்டெர்ன் இருவரும் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார்கள். விலங்கை மயக்கத்தில் வைத்து, தலைமுடி போன்ற மெல்லிய கம்பிகளைத் தசைக்குள் செலுத்தி, ரேடியோ அலை மூலம் பதிவை வாங்குவார்கள். விழித்த பிறகு விலங்கு இழுபடும் ஒயர் எதுவும் இல்லாமல் நடக்கும். அந்த விலங்குகளை நினைத்தால் எனக்குச் சங்கடம்தான். ஆனால் இந்த அறிவு அவற்றிடமிருந்துதான் வந்தது, அதைச் சொல்லாமல் எழுதுவது சரியாக இருக்காது.

கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிற்றை மேலிருந்து கீழே இழுக்கிறோம் அல்லவா? அப்போது வேலை செய்பவை முதுகின் கீழ்ப்பாதியிலிருந்து விரிந்து அக்குளில் புகும் லட்டிசிமஸ் டார்சி, அதன் துணையான டெரிஸ் மேஜர், மார்புத் தசையின் கீழ்ப்பகுதி. மூன்றும் சேர்ந்து கையைப் பின்னோக்கி இழுக்கும். நாலுகால் விலங்கு முன்னங்காலை ஊன்றியபின் இதே தசைகள் சுருங்கினால், கால் நிலைத்திருக்க, உடம்பு முன்னே இழுபடும். பாலூட்டிகள் முன்னங்கால்களால் உடம்பை முன்செலுத்துவது இப்படித்தான் என்பது பொதுவான புரிதல். மற்ற விலங்குகளில் எடுத்த பதிவுகளும் பெரும்பாலும் அதற்கு ஒத்துப்போயின.

சிம்பன்சியிலும், ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்கிலும் பதிவு செய்தபோது அது அப்படி இல்லை. கை தரையில் ஊன்றியிருக்கும் நேரம் முழுக்க அந்தத் தசைகள் ஏறக்குறைய அமைதியாக இருந்தன. வேலை செய்தது இரண்டு நேரங்களில் மட்டும். காற்றில் முன்னே வீசப்பட்டு வரும் கையின் வேகத்தைத் தணித்து, தரையில் மெதுவாக இறக்குவதற்கு ஒன்று. அடி முடியும்போது கையைத் தரையிலிருந்து எடுத்து விடுவதற்கு இன்னொன்று. இரண்டே இனங்களை வைத்து ஒரு பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்று, லார்சனும் ஸ்டெர்னும் வேறு எட்டு இனங்களிலும் இதைப் பதிவு செய்து 2007இல் வெளியிட்டார்கள். இனத்துக்கு இனம், ஒரே இனத்துக்குள்ளும்கூட, சில வேறுபாடுகள் இருந்தன. ஆனாலும் பொதுவாக அதே முடிவுதான் வந்தது. ஊன்றிய கையைப் பின்னோக்கி இழுத்து உடம்பை முன்னே செலுத்தும் வேலையைக் குரங்கினத்தின் இந்தத் தசைகள் செய்வதில்லை.

இதைப் படித்த அன்று இரவு நான் எழுந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடுவன் கையை ஊன்றி நடந்ததை இத்தனை நாள் பார்த்தேன். உடம்பை இழுத்துச் செல்வது கைதான் என்றே கண்ணுக்குத் தெரியும். ஆனால் உந்துவது கால். கை மென்மையாக இறங்குகிறது, தனக்கு வந்த பாரத்தைத் தாங்குகிறது, பின் எழுகிறது. கிளையைத் தொட்டுப் பார்த்து எடுத்த மந்தியின் கையும், சுவரில் நடக்கும் கடுவனின் கையும் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கின்றன. வேகத்தைத் தணித்து, பார்த்து, வைத்தல்.

சரி, என் கிழிந்த தசைக்கு என்ன வேலை? நாயின் மேற்கை எலும்பில், தோள்மூட்டின் பந்துபோன்ற தலைக்குப் பக்கத்தில் ஒரு முண்டு உண்டு. அது அந்தத் தலையைவிட உயரமாக எழும்பி நிற்கும். சுப்ராஸ்பைனேட்டஸ் போய் ஒட்டுவது அந்த முண்டில்தான். காலை ஊன்றும்போது தோள்மூட்டு பாரத்தில் மடிந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது நாயில் அதன் வேலை. தரையில் அதிகம் நடக்கும் பபூன் போன்ற குரங்குகளிலும் அந்த முண்டு உயரமானது. கையை முன்னே வீசுவதற்குத்தான் அந்த உயரம் உதவுகிறது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். லார்சனும் ஸ்டெர்னும் 1989இல் வெர்வெட் குரங்கில் பதிவு செய்தபோது, கை ஊன்றியிருக்கும் நேரத்தில்தான் அந்தத் தசை உழைக்கிறது என்று தெரிந்தது. அங்கே அது ஒரு முட்டுக்கட்டை. வீட்டுச் சுவர் சாயாமல் கட்டையைச் சாய்த்து வைப்போமே, அதுபோல.

மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அந்த முண்டு தாழ்ந்துவிட்டது. எலும்பின் தலைதான் உயர்ந்து நிற்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது முண்டு இடிக்காமல் இருக்க அது வேண்டும். கிளையில் தொங்கிய மூதாதைகளிடமிருந்து நமக்கு வந்தது அந்தத் தோள். முட்டுக்கட்டையாக இருந்த தசை, கையைத் தூக்க உதவும் தசையாகிவிட்டது. முட்டுக் கொடுக்கும் வசதி குறைந்துபோனது. விழுந்த அன்று நான் அதனிடம் பழைய வேலையைக் கேட்டேன்.

சிம்பன்சியிடம் இந்த இக்கட்டு அப்படியே தெரிகிறது. அதன் மார்பு நம்மைப்போல அகலமானது. நாட்டுக் குரங்கின் மார்பு குறுகலாக, ஆழமாக இருக்கும், தோள்பட்டை எலும்புகள் உடம்பின் இரு பக்கத்திலும் இருக்கும். சிம்பன்சிக்கும் நமக்கும் அவை முதுகுப் பக்கம் போய்விட்டன. தோள்குழி சிம்பன்சிக்கு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தொங்குவதற்காக உருவான அந்தத் தோளை வைத்துக்கொண்டு அது தரையில் விரல் முட்டிகளை ஊன்றி நடக்கிறது. விரல்களை மடக்கி, நடுக்கணுக்களின் புறப்பக்கத்தை ஊன்றும். அந்த இடத்துத் தோல் உள்ளங்கால் தோல்போலத் தடித்திருக்கும். கொரில்லாவும் அப்படித்தான். ஒராங்குட்டானோ பெரும்பாலும் கையை முஷ்டியாக மடக்கி ஊன்றுகிறது. தொங்கத் தகுந்த உடம்போடு தரையில் நடப்பதில் உள்ள சிக்கல்கள் என்றே லார்சனும் ஸ்டெர்னும் சிம்பன்சியின் நடையைப் பற்றிய ஓர் ஆய்வுக்குத் தலைப்பு வைத்தார்கள்.

தொங்கும்போது எல்லாம் புரண்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் லெமூர் மையத்தில் உள்ள லெமூர்களை (மடகாஸ்கர் தீவின் குரங்கினம்) ஒரு கம்பத்தின் மேலும், பிறகு அதே கம்பத்துக்குக் கீழே தலைகீழாகவும் நடக்க விட்டு அளந்திருக்கிறார்கள். மேலே நடக்கும்போது கால்கள்தான் பாரம் சுமந்தன. கீழே தொங்கி நடக்கும்போது கைகள் முதலிடத்துக்கு வந்துவிட்டன. பாரம் தாங்குவதும் அவைதான், முன்னே இழுத்துச் செல்வதும் அவைதான். அதே விலங்கு, அதே கை. நம் கடவூர்ப் பக்கத்துத் தேவாங்குகள் இரவில் இப்படித்தான் கிளையின் மேலும் கீழுமாக நழுவிப் போகின்றன. தாவவே தாவாது. ஒரு கையைப் பிடிக்காமல் மற்றதை விடாது. அதன் தோளைப் பற்றி ஒரு நாள் தனியாக எழுத ஆசை.

ஏழாவது வாரம் ஸ்லிங்கை எடுத்தார்கள். பிசியோதெரபி ஆரம்பித்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண். முதல் நாள் என்னைக் குனியச் சொல்லி, வலது கையைத் தொங்க விட்டு ஊஞ்சல்போல ஆட்டச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நிற்கச் சொன்னார். "முழங்கையை மடக்காதீங்க சார். தோள்பட்டை மட்டும் முதுகுல இருந்து முன்னால வரணும். சுவரைத் தள்ளுங்க, ஆனா கை அசையக் கூடாது." அவர் வேலை வாங்க நினைத்தது செராட்டஸ் என்ற தசையிடம். விலா எலும்புகளிலிருந்து கிளம்பி, விலாவுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே போய், அந்த எலும்பின் உள்விளிம்பில் ஒட்டும் தசை அது.

எனக்கு அப்போது சுவர் மறந்துவிட்டது. நாலுகால் விலங்குகளுக்கு முன்னங்காலையும் முதுகெலும்பையும் இணைக்கும் எலும்பு மூட்டு எதுவும் கிடையாது. இடுப்பு அப்படி இல்லை, அங்கே கால் எலும்பு இடுப்பெலும்பு வழியாக முதுகெலும்போடு பிணைந்திருக்கிறது. முன்பக்கம் உடம்பு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசைகளில் தொங்குகிறது. இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய தூளியில் குழந்தை கிடப்பதுபோல. அந்தத் தூளித்துணிதான் செராட்டஸ். நாய்க்குக் காறையெலும்புகூட, அதாவது கழுத்துக்குக் கீழே தோளுக்குக் குறுக்காக ஓடும் எலும்புகூட, பெயரளவுக்குத்தான். குரங்குக்கும் நமக்கும் முழுக் காறையெலும்பு இருக்கிறது. கை மார்பெலும்பைத் தொடும் ஒரே எலும்புப் பாலம் அதுதான். ஆனாலும் நாலில் நடக்கும் குரங்குக்கு முன்னுடம்பைத் தாங்குவது அந்தத் தூளிதான். சுவரைத் தள்ளி நின்றபோது என் செராட்டஸ் நடுங்கியது. ஆறு வாரம் சும்மா இருந்த தசை. "அப்படியே பத்து எண்ணுங்க சார்" என்றார். எண்ணினேன்.

ஸ்லிங்கை எடுத்த பிறகு எனக்கு எதிர்பாராத ஒரு சிக்கல் இருந்தது. நடக்கும்போது வலது கை வீசவில்லை. வலியால் நான் பிடித்து வைக்கவில்லை. கட்டி வைத்திருந்த பழக்கத்தில் அது விலாவோடு ஒட்டியே இருந்தது. ஸ்லிங்கோடு நடந்த நாள்களில் மலைப்பாதையில் சீக்கிரமே களைத்துப் போனதை ஆபரேஷனின் பலவீனம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓரளவு அதுவும்தான். ஆனால் ஸ்டீவன் காலின்ஸ், பீட்டர் ஆடம்சிக், ஆர்தர் கூ என்ற மூவர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களைக் கைகளை வீசாமல் தாங்களே பிடித்து வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னபோது, செலவாகும் சக்தி 12 சதவீதம் கூடியது. கையையும் காலையும் ஒரே பக்கமாகச் சேர்த்து வீசி நடக்கச் சொன்னபோது 26 சதவீதம் கூடியது. கால் முன்னே வீசும்போது உடம்பு செங்குத்து அச்சில் திருகப் பார்க்கிறது. எதிர்ப்பக்கத்துக் கை வீசி அந்தத் திருகலைச் சமன் செய்கிறது. அதற்குத் தோள்தசைகள் பெரிதாக உழைக்க வேண்டியதில்லை. தொங்கும் கை பெரும்பாலும் தானே ஆடுகிறது, தசை கொஞ்சம் தூண்டினால் போதும்.

வலது காலோடு இடது கை. இடது காலோடு வலது கை. மெதுவாக நடக்கும் குரங்கின் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, அங்கேயும் எதிர்ப்பக்கத்துக் காலும் கையும்தான் கிட்டத்தட்ட ஒன்றாகப் போகின்றன. பாரத்தைக் காலுக்குக் கொடுத்து, உந்துதலையும் காலுக்குக் கொடுத்து, கடைசியில் தரையையும் விட்டுவிட்டது நம் கை. ஆனால் நடையை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் என்னோடு அழகர்கோயிலுக்கு வந்தாள். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் என்னை நடக்கச் சொல்லி அவள் பக்கவாட்டில் படம் எடுத்தாள். "அப்பா, நீங்களா கையை ஆட்டாதீங்க, சும்மா நடங்க" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை நான் கையை மறந்திருந்தேன். சுவரில் ஒரு மந்தி குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்து போனது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழக்கடை அம்மா, "இன்னைக்கு அண்ணனைப் பிடிக்கிறாகளா" என்றார்.

வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட விட்டுப் பார்த்தோம். படத்தின் ஓரத்தில் அந்த மந்தியும் விழுந்திருந்தது. அதன் இடது கால் இறங்குகிறது, வலது கை நீள்கிறது. எனக்கும் இடது கால் இறங்கும் அதே நேரம் வலது கை விலாவை விட்டுக் கிளம்பி முன்னே வருகிறது. இடது கை வீசும் தூரத்தில் பாதிகூட இல்லை. தொடையைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. மகள் தேதி போட்டு அதைச் சேமித்து வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அதே சுவருக்குப் பக்கத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும்.